பதினாறு மில்லிவிநாடியில் ஒரு ரங்கோலி

முன்பே வரைந்த படம், அப்போதே பிறக்கும் படம்

இரண்டரை மணி நேரத் திரைப்படத்தைத் துளியும் தடங்கலின்றி ஓட்டிக் காட்டும் கணினி, ஒரு கார்ப் பந்தய கேமைத் திறந்ததும் திக்கித் திணறுகிறது. திரை அதேதான், படத்தின் அளவும் அதேதான். ஆயிரம் பேர் மோதும் போர்க்களக் காட்சிக்கு அசராத கணினி, ஒரு தெருவும் நான்கு கார்களும் மட்டுமே உள்ள காட்சியில் ஏன் தள்ளாட வேண்டும்?

திரைப்படத்தின் ஒவ்வொரு காட்சியும் எப்போதோ வரைந்து முடிந்துவிட்டது. சுருக்கி மடித்து வைத்த படங்களை ஒன்றன்பின் ஒன்றாக விரித்துக் காட்டுவது மட்டுமே கணினிக்கு மிச்சமிருக்கும் வேலை. அதற்கென்று சிப்புக்குள்ளேயே ஒரு சிறு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. கேமில் இப்படி முன்கூட்டியே வரைந்து வைக்க வழியில்லை. ஆடுபவர் அடுத்த நொடி காரை இடப்பக்கம் திருப்புவாரா, பிரேக் போடுவாரா, சுவரில் போய் மோதுவாரா என்பது யாருக்கும் தெரியாது. அவர் பொத்தானை அழுத்திய பிறகுதான் அடுத்த படம் பிறக்கிறது.

அசைவு சீராகத் தெரிய விநாடிக்கு 60 படங்கள் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இந்தத் தனித்தனிப் படங்களுக்கு ஃப்ரேம் என்று பெயர். ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 16.7 மில்லிவிநாடி. ஒருமுறை கண் இமைக்கவே நூறு மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் ஆறு படங்களை வரைந்து முடித்திருக்க வேண்டும். 1080பி எனப்படும் வழக்கமான திரையில் 1,920 புள்ளிகள் கொண்ட வரிசைகள் 1,080 இருக்கின்றன. மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் நிறம் முடிவாக வேண்டும், அதுவும் விநாடிக்கு 60 முறை. ஆக, விநாடிக்கு 12 கோடியே 44 லட்சம் முறை நிறம் தீர்மானிக்கும் வேலை. கேம் வாங்குபவர்கள் கிராஃபிக்ஸ் கார்டைத் தேடிப் போவதற்குக் காரணம் இந்த வேலைதான்.

கோடு போடுபவரும் பொடி தூவுபவர்களும்

மார்கழியில் தெருவை அடைத்துப் போடும் பெரிய ரங்கோலியை நினைத்துக்கொள்ளலாம். அனுபவமுள்ள ஒருவர் சாக்கட்டியால் கோட்டுரு போட்டுக்கொண்டே போவார். மயில் எங்கே, தாமரை எங்கே, எது எதை மறைக்கும் என்பதெல்லாம் அவர் முடிவு. பின்னால் நாற்பது பேர் வண்ணப்பொடியுடன் உட்கார்ந்து ஆளுக்கொரு மூலையை நிரப்புவார்கள். நிரப்புவதற்குப் பெரிய யோசனை வேண்டாம். கைகள்தான் நிறைய வேண்டும்.

கணினியில் கோடு போடுபவர் ப்ராசஸர். எதிரி எந்தப் பக்கம் ஓடுகிறான், குண்டு எங்கே பட்டது, திரையில் எந்தெந்தப் பொருள் தெரிய வேண்டும் என்று முடிவெடுத்து, "இவற்றை வரை" என்று பட்டியல் கொடுப்பது அதன் பொறுப்பு. பொடி தூவும் கூட்டம் கிராஃபிக்ஸ் கார்டு. 2015இல் வந்த இன்டெல் ஐ5-6500 ப்ராசஸரில் இருப்பவை கோர் எனப்படும் 4 உள்ளகங்கள். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டில் இருப்பவை 768 சிறு உள்ளகங்கள். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. முன்னவை ஒவ்வொன்றும் தேர்ந்த கைகள், பின்னவை எளிய வேலையைச் சேர்ந்து செய்யும் கைகள். ஒரு கார்டின் உள்ளகங்களை வேறு நிறுவனத்தின் கார்டோடு எண்ணிப் பார்த்து ஒப்பிடுவதும் இதே காரணத்தால் பயனற்றது. என்விடியாவின் உள்ளகமும் ஏஎம்டியின் உள்ளகமும் ஒரே அளவு வேலை செய்பவை அல்ல.

இதில் அடுத்து வரும் செய்திதான் காசை மிச்சப்படுத்துவது. கோடு போடுபவர் அடுத்த கோலத்தைத் தொடங்கிவிடும்போது, மற்றவர்கள் முந்தைய கோலத்துக்குப் பொடி தூவிக்கொண்டிருக்கிறார்கள். எனவே இரு தரப்பின் நேரத்தையும் கூட்ட வேண்டியதில்லை. எவர் மெதுவோ அவருடைய நேரமே மொத்த வேகத்தையும் தீர்மானிக்கிறது. இப்படி வேலை தேங்கும் இடத்தை 'இடுக்கு' என்று அழைக்கலாம். கோடு போடுபவர் மெதுவாக இருந்தால், நாற்பது பேரை நானூறு பேராக்கினாலும் ரங்கோலி விரைவில் முடியாது. நானூறு பேரும் கையில் பொடியோடு காத்திருப்பார்கள். பெரிய விலை கொடுத்துப் புதிய கார்டு வாங்கியும் கேம் முன்போலவே ஓடுகிறது என்ற புகார்களில் பலவற்றுக்கு இதுவே விளக்கம்.

செலவில்லாத ஒரு சோதனை

இடுக்கு எந்தப் பக்கம் என்பதைக் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். கேமின் அமைப்புகளுக்குள் சென்று, ஃப்ரேம் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் வி-சிங்க் போன்றவற்றை முதலில் அணைத்துவிட வேண்டும். பிறகு வழக்கமாக ஆடும் ஒரு காட்சியில் விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, திரைத் துல்லியத்தை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்கி, அதே காட்சியை மறுபடி ஓட்ட வேண்டும்.

720பியில் உள்ள புள்ளிகள் 9,21,600. முன்பிருந்ததில் பாதிக்கும் குறைவு. பொடி தூவும் பரப்பு சுருங்கிவிட்டது, ஆனால் கோட்டுரு அப்படியே இருக்கிறது. எதிரிகளின் எண்ணிக்கையோ கார்களின் ஓட்டமோ மாறவில்லை. இப்போது ஃப்ரேம் எண்ணிக்கை பாய்ந்து ஏறினால், இதுவரை மூச்சு வாங்கியது கார்டுதான். கார்டு மாற்றினால் பலன் உண்டு. எண்ணிக்கை அசையாமல் நின்றால் இடுக்கு ப்ராசஸரில் இருக்கிறது. அந்த நிலையில் எந்தக் கார்டு வாங்கினாலும் அது வீண் செலவு.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள்கள் கார்டின் உழைப்பை விழுக்காட்டில் திரையோரம் காட்டும். கேம் ஓடும்போது கார்டு 97, 98 விழுக்காட்டிலேயே நின்றால் அது முழு வேகத்தில் உழைக்கிறது என்று பொருள். 60 விழுக்காட்டில் சோம்பிக் கிடந்தும் ஃப்ரேம் குறைவாக வந்தால் அது ப்ராசஸருக்காகக் காத்திருக்கிறது. ப்ராசஸரின் மொத்த உழைப்பு 50 விழுக்காடுதான் காட்டுகிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. நான்கு உள்ளகங்களில் ஒன்று முழுக்கத் திணறி மற்றவை மூன்றில் ஒரு பங்கு மட்டுமே உழைத்தாலும் சராசரி அப்படித்தான் காட்டும்.

எந்த கேம் என்பதும் இதில் சேர்ந்த கேள்வி. வேலரண்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி கேம்கள் பெரும்பாலும் ப்ராசஸரைக் கேட்கும். சைபர்பங்க் 2077, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போன்றவை கார்டைப் பிழிந்தெடுக்கும். வேலரண்ட் மட்டுமே ஆடுபவருக்குப் பெரிய கார்டு பெரும்பாலும் அலங்காரப் பொருள்தான்.

பெட்டிமேல் பெரிதாக அச்சிட்ட எண்

கார்டுப் பெட்டியில் கண்ணைப் பறிக்கும் எண் ஒன்று உண்டு: 2 ஜிபி, 4 ஜிபி, 8 ஜிபி. அது கார்டின் சொந்த நினைவகத்தின் அளவு. கடைக்காரர் மொழியில் வீ-ரேம். ரங்கோலியில் இது, பொடி தூவுபவர்கள் பக்கத்தில் வைத்திருக்கும் தட்டு. சுவரின் செங்கல், சாலையின் தார், சட்டையின் நெசவு என்று கேமின் மேற்பரப்புப் படங்கள் எல்லாம் இந்தத் தட்டிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன.

தட்டு பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. அதிலிருந்து எவ்வளவு வேகமாக அள்ள முடியும் என்பது தனிக் கேள்வி. ஒரு விநாடியில் நினைவகத்துக்கும் உள்ளகங்களுக்கும் இடையே பாயும் தரவின் அளவைப் 'பாய்வளவு' எனலாம். இது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: எத்தனை கம்பிகள் வழியாகத் தரவு போகிறது, ஒவ்வொரு கம்பியிலும் எவ்வளவு வேகமாகப் போகிறது. 1050 டிஐ கார்டில் 128 கம்பிகள், ஒவ்வொன்றிலும் விநாடிக்கு 7 ஜிகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால் மொத்தம் விநாடிக்கு 112 ஜிகாபைட் வருகிறது.

இந்த எண் பெட்டியில் பெரிதாக அச்சாவதில்லை. அதனால் விளைந்த குழப்பத்துக்கு ஜிடி 1030 என்ற கார்டு நல்ல சான்று. 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தபோது அதன் பாய்வளவு விநாடிக்கு 48 ஜிகாபைட். மறு ஆண்டு அதே பெயரில், அதே 2 ஜிபி அளவில், சாதாரண டிடிஆர்4 நினைவகம் வைத்த ஒரு கார்டும் சந்தைக்கு வந்தது. அதன் பாய்வளவு 16.8 ஜிகாபைட், பழையதில் மூன்றில் ஒரு பங்கு. பெயரும் அதுவே, ஜிபி எண்ணும் அதுவே. கேமில் மட்டும் வேகம் பாதிக்குப் பாதி விழுந்தது. ஜிடி 730 என்ற இன்னும் பழைய கார்டு, மெதுவான டிடிஆர்3 நினைவகத்தை 4 ஜிபி அளவுக்கு நிரப்பிக்கொண்டு விற்பனைக்கு வந்ததும் உண்டு. அவ்வளவு பெரிய தட்டைக் காலி செய்யும் வேகம் அந்தக் கார்டின் கைகளுக்குக் கிடையாது. "4 ஜிபி கார்டு" என்று மட்டும் சொல்லி விற்பவரிடம் அடுத்துக் கேட்க வேண்டியது, நினைவகம் எந்த வகை, எத்தனை பிட் (அதாவது எத்தனை கம்பி) என்பவைதான்.

தெருக்கோடியில் இருக்கும் மூட்டை

தட்டில் இடம் போதாவிட்டால் மீதிப் பொடி வீட்டுத் திண்ணையில் மூட்டையாகக் கிடக்கும். தேவைப்படும்போதெல்லாம் ஒருவர் தெருக்கோடிக்கு ஓட வேண்டும். கணினியில் அந்தத் திண்ணை ரேம். ஓடும் தெரு, மதர்போர்டில் கார்டு செருகப்படும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை.

இந்தத் தெருவுக்கு அகலம் உண்டு. நீளமான செருகுமிடத்தில் 16 தடங்கள் வரை இருக்கும். மூன்றாம் தலைமுறைப் பாதையில் ஒரு தடம் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு ஜிகாபைட்டைக் கடத்தும். நான்காம் தலைமுறையில் இரண்டு. ஆக மூன்றாம் தலைமுறை மதர்போர்டில் 16 தடங்களும் சேர்ந்தால் 16 ஜிகாபைட் வரை போகலாம். கார்டு நினைவகத்தின் பாய்வளவோடு ஒப்பிட்டால் அதுவே ஒற்றையடிப் பாதைதான்.

2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற கார்டு இந்தப் பாதையை இன்னும் குறுக்கியது. 199 டாலர் விலையில் அறிமுகமான அந்தக் கார்டு பயன்படுத்தும் தடங்கள் 4 மட்டுமே. நினைவகமும் 4 ஜிபி மட்டுமே. நான்காம் தலைமுறை மதர்போர்டில் அது விநாடிக்கு 8 ஜிகாபைட் பாதை. பழைய மூன்றாம் தலைமுறை மதர்போர்டில் அது 4 ஜிகாபைட்டாகச் சுருங்கிவிடும். கார்டுக்குள்ளே பாய்வளவு 144 ஜிகாபைட். 4 ஜிபி தட்டு நிரம்பி வழிந்த மறுகணம், 36 மடங்கு மெதுவான தெருவில் பொடி வாங்க ஓட வேண்டியதாகிறது. காட்சி வெட்டி வெட்டி வருவது அப்போதுதான். குறைந்த விலைக் கார்டைத் தேடுபவர் வீட்டில் இருப்பது பெரும்பாலும் பழைய மதர்போர்டு. அவருக்கென்று செய்யப்பட்ட கார்டு அவருடைய மதர்போர்டில்தான் மிக மோசமாக ஓடியது என்பது அந்த வடிவமைப்பின் முரண்.

ஒரு கணினி, ஆறு கார்டுகள்

இதுவரை சொன்னவற்றை ஒரே கணினியில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த மேசைக்கணினிகளை வாங்கி, அதில் ஒரு கார்டைச் செருகி கேம் ஆடுவது இந்தியாவில் பரவலான வழக்கம். அப்படியொரு கணினியை எடுத்துக்கொள்வோம். ஐ5-6500 ப்ராசஸர், ஒற்றைக் குச்சியாக 8 ஜிபி ரேம், மூன்றாம் தலைமுறைப் பாதை, 240 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் வழங்கும் உறுப்பு), 1080பி திரை, அது விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவது. உள்ளே இருப்பது 1050 டிஐ.

சோதனையில் கிடைத்த எண்கள் இப்படி என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளலாம். ஒரு ஃப்ரேமுக்கு ப்ராசஸர் எடுக்கும் நேரம் 12 மில்லிவிநாடி. கார்டு எடுக்கும் நேரம் 28 மில்லிவிநாடி. மெதுவானது கார்டு. எனவே திரையில் தெரிவது விநாடிக்கு 36 ஃப்ரேம். கார்டை மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. எதற்கு மாற்றுவது?

கார்டின் வேகம் 1.7 மடங்கானால் அதன் நேரம் 16.5 மில்லிவிநாடிக்கு இறங்கும். 60 ஃப்ரேம் கிடைக்கும். இரண்டரை மடங்கானால் கார்டு 11.2 மில்லிவிநாடியில் முடித்துவிடும். ஆனால் ப்ராசஸருக்கு 12 வேண்டும் என்பதால் 83 ஃப்ரேமோடு நின்றுவிடும். நான்கு மடங்கு வேகமான கார்டு 7 மில்லிவிநாடியில் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும்; கிடைப்பது அதே 83. அந்த 83இலும் இந்தத் திரை காட்டப்போவது 60 மட்டுமே. ஆகவே இந்தக் கணினிக்குத் தேவை ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு வேகம். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் எதிர்காலத்தில் வரப்போகும் வேறொரு கணினிக்கான முன்பணம்.

வேகத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது மின்சாரம். செருகுமிடத்திலிருந்து ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும்: ஆறு முனை இணைப்பு 75 வாட், எட்டு முனை இணைப்பு 150 வாட். அலுவலகக் கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸில் இவை பெரும்பாலும் இருப்பதே இல்லை. வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டலாமென்றால், இத்தகைய கணினிகள் பலவற்றில் மதர்போர்டுக்குப் போகும் இணைப்பே வழக்கமான 24 முனை வடிவில் இருக்காது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கம்பியை எட்டு முனையாக மாற்றித் தரும் மலிவான இணைப்பான்கள் கடைகளில் தொங்குகின்றன. சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் தாங்கக்கூடியது 54 வாட்தான். அதன் வழியே 150 வாட் இழுப்பது பிளாஸ்டிக்கை உருக்கும் வேலை.

வேகம், மின்சாரம் என்ற இந்த இரண்டு சல்லடைகளையும் வைத்து ஆறு கார்டுகளைச் சலிக்கலாம்.

ஜிடிஎக்ஸ் 1650, 75 வாட்டுக்குள் அடங்கும். ஆனால் பாய்வளவு 112இலிருந்து 128 ஆகிறது, நினைவகம் அதே 4 ஜிபி. இது பக்கத்து வீட்டுக்குக் குடிபோவது போன்ற மாற்றம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியின் கதை முன்பே சொல்லப்பட்டது. மூன்றாம் தலைமுறை மதர்போர்டு என்பதாலும் ஆறு முனை இணைப்பு கேட்பதாலும் விலக்கிவிடலாம்.

இன்டெல்லின் ஆர்க் பி580 காகிதத்தில் மிகக் கவர்ச்சியானது. 2024 டிசம்பரில் 249 டாலருக்கு வந்தது. 12 ஜிபி நினைவகம், 456 ஜிகாபைட் பாய்வளவு. ஆனால் கார்டின் முழு நினைவகத்தையும் ப்ராசஸர் ஒரே வீச்சில் எட்டும் ரீசைஸபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இல்லையென்றால் அதன் வேகம் வெகுவாகச் சரிந்துவிடும். ஐ5-6500 காலத்து மதர்போர்டுகளுக்கு அந்த வசதி இல்லை. போதாததற்கு, இந்தக் கார்டின் டிரைவர் மென்பொருள் ப்ராசஸருக்கும் கூடுதல் வேலை வைக்கிறது. புதிய கணினியில் முதல் வரிசையில் நிற்கும் கார்டு, இந்தப் பழைய கணினியில் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது. 190 வாட் கேட்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆர்டிஎக்ஸ் 4060, 115 வாட்டில் பெரிய வேகம் தரும். ஆனால் இங்கே அது 7 மில்லிவிநாடியில் முடித்துவிட்டுக் காத்திருக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது.

மிஞ்சுபவை இரண்டு. ஒன்று ஆர்எக்ஸ் 6600: 2021இல் வந்தது, 8 ஜிபி, 224 ஜிகாபைட் பாய்வளவு, 8 தடங்கள், 1050 டிஐயைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகம். விலைக்கு வேகம் என்று பார்த்தால் பல ஆண்டுகளாக அசைக்க முடியாத இடத்தில் இருந்த கார்டு. ஆனால் 132 வாட் எடுக்கும். ப்ராசஸரின் 65 வாட்டையும் மற்ற உறுப்புகளுக்கு ஒரு 45 வாட்டையும் சேர்த்தால் 240ஐத் தாண்டிவிடுகிறது. எட்டு முனை இணைப்பும் வேண்டும். மற்றொன்று ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வடிவம்: 2024 பிப்ரவரியில் வந்தது, 168 ஜிகாபைட் பாய்வளவு, 70 வாட். தனிக் கம்பி இல்லாத வடிவங்களே அதிகம். 1050 டிஐயைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வேகம். மொத்த மின்தேவை 180 வாட் அளவில் நின்றுவிடும். கார்டுப் பெட்டி 300 வாட் எஸ்எம்பிஎஸ் கேட்பது, தரம் தெரியாத எஸ்எம்பிஎஸ்களுக்கும் சேர்த்து வைத்த இடைவெளி.

கடையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் 6600ஐ எடுக்கவே தூண்டப்படுவார். வாட், ஜிபி, ஃப்ரேம் எல்லாவற்றிலும் அது பெரியது. வழக்கமான எஸ்எம்பிஎஸ் பொருத்திய கணினிக்கு அந்தத் தேர்வு சரியானதும்கூட. ஆனால் இந்த அலுவலகக் கணினிக்குப் பொருத்தம் 3050 6 ஜிபிதான். அதன் பெயரில் ஒரு கண்ணி இருக்கிறது. 2022இல் வந்த 3050 என்பது 8 ஜிபி, 130 வாட், கூடுதல் உள்ளகங்கள் கொண்ட வேறு கார்டு. ஜிடி 1030இன் கதை சிறிய அளவில் மீண்டும் நடந்திருக்கிறது.

மிச்சமாகும் பணத்தில் இன்னொரு 8 ஜிபி ரேம் குச்சி வாங்குவது பலருக்குத் தோன்றுவதில்லை. இந்த ப்ராசஸருக்கு ரேமை எட்ட இரண்டு வாய்க்கால்கள் உண்டு. ஒற்றைக் குச்சி ஒரு வாய்க்காலை மட்டும் திறக்கும்: விநாடிக்கு 17 ஜிகாபைட். இரண்டாவது குச்சி போட்டால் 34. கோடு போடுபவரின் வேகம் கூடுவதற்கு இந்தக் கணினியில் இருக்கும் மலிவான வழி இது.

டாலர் விலைகளைப் பார்த்து மனக்கணக்குப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த விலைகளில் வரி சேர்வதில்லை. இந்தியாவில் கார்டுக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு.

சராசரிக்குள் ஒளியும் திக்கல்

விநாடிக்கு 60 ஃப்ரேம் என்பது சராசரி. 59 ஃப்ரேம்கள் சட்டென்று வந்து, ஒன்று மட்டும் கால் விநாடி தாமதித்தால் சராசரி பெரிதாகக் கெடாது, ஆட்டம் கெட்டுவிடும். இதனால்தான் கார்டு மதிப்பீடுகளில் 'ஒரு விழுக்காட்டுத் தாழ்வு' என்று ஒரு எண்ணைத் தருகிறார்கள். மொத்த ஃப்ரேம்களில் மிக மெதுவான நூற்றில் ஒரு பங்கு எந்த வேகத்தில் வந்தது என்பதை அது காட்டும். சராசரி 70, தாழ்வு 30 என்றிருக்கும் கார்டைவிடச் சராசரி 62, தாழ்வு 52 என்றிருக்கும் கார்டு கண்ணுக்கு இதமானது. 4 ஜிபி கார்டுகள் தோற்பது பெரும்பாலும் இந்த எண்ணில்தான். தட்டு நிரம்பி வழியும்போது சராசரி மெல்லச் சரியும், தாழ்வோ பள்ளத்தில் விழும்.

வாங்காமலே கிடைக்கும் வேகம்

20 லட்சம் புள்ளிகளையும் வரைந்துதான் ஆக வேண்டுமா? 9 லட்சம் புள்ளிகளில் வரைந்து, இடைவெளிகளை ஊகித்து நிரப்பினால் என்ன? ஏஎம்டியின் எஃப்எஸ்ஆரும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ்ஸும் செய்வது இதைத்தான். இம்முறைக்குப் 'படப்பெருக்கம்' என்று பெயர் வைக்கலாம். டிஎல்எஸ்எஸ்ஸுக்கு ஆர்டிஎக்ஸ் வகைக் கார்டு வேண்டும். எஃப்எஸ்ஆரின் முதலிரண்டு பதிப்புகள் 1050 டிஐ போன்ற பழைய கார்டுகளிலும் ஓடும், நிறுவனம் வேறாக இருந்தாலும்கூட. கார்டு வாங்கத் தீர்மானிக்கும் முன் ஒரு வாரம் இதைப் போட்டு ஆடிப் பார்ப்பது நல்லது. சிலருக்கு அதுவே போதுமானதாக இருந்துவிடும்.

இதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. படப்பெருக்கம் குறைப்பது கார்டின் வேலையை மட்டுமே. ப்ராசஸரின் 12 மில்லிவிநாடி அப்படியே இருக்கும். மேலும், 4கே திரையில் நேர்த்தியாகத் தெரியும் இந்த ஊகம், 1080பியில் கம்பி வேலிகளையும் இலைகளையும் கொஞ்சம் கலங்கலாக்கும். மூலப்புள்ளிகள் குறையக் குறைய ஊகத்துக்கு ஆதாரமும் குறைகிறது. இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே கற்பனையாக ஒன்றைச் செருகும் 'ஃப்ரேம் ஜெனரேஷன்' இன்னொரு வகை. விநாடிக்கு 30 ஃப்ரேமை 60 என்று காட்டும், ஆனால் பொத்தானை அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் இடையிலுள்ள தாமதத்தைக் குறைக்காது, சற்றுக் கூட்டவும் செய்யும். விளம்பர எண்களில் இது கலந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அவற்றை நம்பலாம்.

கைமாறி வரும் கார்டு

சென்னை ரிச்சி தெருவிலோ இணையச் சந்தையிலோ பழைய கார்டுகள் புதியதில் பாதி விலைக்குக் கிடைக்கும். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற மின்பணம் தன் கணக்கு முறையை மாற்றிக்கொண்டதும், அதை 'வெட்டியெடுக்க' இரவும் பகலும் ஓடிய கார்டுகளுக்கு வேலை போயிற்று. அவற்றில் ஏராளமானவை பழைய சந்தைக்கு வந்தன. அப்படி உழைத்த கார்டு என்றாலே சிப் கெட்டிருக்கும் என்று பொருளில்லை. தேய்வது பெரும்பாலும் விசிறி. காய்ந்துபோவது சிப்புக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே பூசும் பசையும் நினைவகத்தின் மேல் ஒட்டிய பட்டைகளும். அரைமணி நேரம் கனமான கேமை ஓட்டி, வெப்பத்தையும் விசிறியின் ஓசையையும் கவனித்து வாங்கினால் ஆபத்து குறையும்.

ஏமாற்று வேறு வகை. மிகப் பழைய கார்டின் உள்மென்பொருளைத் திருத்தி, கணினியில் 1050 டிஐ என்று பெயர் காட்டும்படி செய்து விற்பவர்கள் இருந்திருக்கிறார்கள். ஜிபியு-இசட் என்ற இலவசச் செயலி இத்தகைய பல கார்டுகளைப் போலி என்று காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 வாங்குபவர் உள்ளகங்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். உண்மையான 580இல் 2,304. சீனச் சந்தைக்கென்று அதே பெயரில் வந்த வடிவத்தில் 2,048.

விலை எவ்வளவு மலிந்தாலும் வயதை மறக்கக் கூடாது. 1050 டிஐ உள்ளிட்ட பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நிற்கும் என்று என்விடியா அறிவித்தது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. எடுத்துக்காட்டுக் கணினிக்கும் இதே கதிதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஐ5-6500, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் பட்டியலில் இல்லை. இக்கணினியில் போடும் பணத்தில், அடுத்த கணினிக்குக் கழற்றிக்கொண்டு போகக்கூடியது கார்டு மட்டுமே என்று வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பானது.

வாங்கும் நாளன்று கையில் ஒரு அளவுநாடா இருப்பது நல்லது. அலுவலகக் கணினியின் பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை உள்ள நீளத்தையும், மெலிந்த பெட்டியென்றால் பாதி உயரக் கார்டுதான் போகுமா என்பதையும் அளந்துவிட வேண்டும். பொருத்திய பிறகு மானிட்டர் கேபிளைப் பழக்கதோஷத்தில் மதர்போர்டின் துளையிலேயே மறுபடி செருகிவிடுபவர்கள் உண்டு. திரை ஒளிர்ந்தால், அந்தப் படத்தை அனுப்புவது ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு கிராஃபிக்ஸ் பகுதிதான். கேபிளை எடுத்துக் கார்டின் துளையில் செருக வேண்டும்.